ரணசிகிச்சைக்குப் பட்டு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பிரதேசத்தில் மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்திருப்பது யாவரும் அறிந்ததே. ஒரகடத்தில் 350 ஏக்கர் பரப்பில் வைத்தியக் கருவிகளுக்கென ஒரு தொழிற்பூங்கா அமைக்கும் திட்டத்திற்கு இந்திய சர்க்கார் 2021-ஆம் ஆண்டில் கொள்கையளவில் சம்மதம் அளித்தது. வைத்தியத்திற்குப் பட்டும் உதவும் என்று கேள்விப்படும் நிலச்சொந்தக்காரர்கள், மல்பெரி எனப்படும் முசுக்கட்டையை நட்டால் லாபமுண்டா என வினவுவது இயல்பே.

பட்டு நூலால் காயம் தைப்பது வெகுகாலப் பழக்கம். புதுமை யாதெனில், பட்டைக் கரைத்து வேறு உருவங்களாக மாற்றுவதேயாம்.

பட்டுக்கூட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. மிகுதியில் பெரும்பாலும் ஃபைப்ராயின் என்னும் நார்ப்புரதம். பசை நீங்காத பட்டு உடலினுள் வீக்கத்தை உண்டாக்கக்கூடும். ஆதலால் கூட்டைத் துண்டாக்கி, சலவைச் சோடா சிறிதளவு கலந்த நீரில் சுமார் அரைமணி நேரம் கொதிக்கவைத்துப் பசையை அகற்றுவர். காஞ்சிபுரத்துச் சாயக்காரர் சோப்பும் சோடாவும் இட்டுச் செய்வதும் இதுவே. கொதி மிகுந்தால் புரதச் சங்கிலிகள் அறுபட்டு, பொருள் உடலில் விரைவில் கரையும். ஆகவே நேரத்தைக் கண்டிப்பாய்க் கவனித்தல் வேண்டும். பின்னர் நாரை லிதியம் புரோமைடு உப்பின் அடர்ந்த கரைசலில் கரைத்து, ஜவ்வுப் பையிலிட்டு நீரில் அமிழ்த்தி உப்பை வெளியேற்றுவர். எஞ்சும் திரவத்தை ஏடாகவோ, கடற்பஞ்சு போலவோ, கூழாகவோ ஆக்கலாம். ஏட்டைச் சாராயச் சத்தில் நனைத்தால் அது நீரில் கரையாத தன்மை பெறும். பட்டுப் புரதம் கொண்ட புண்கட்டுகள் பெங்களூரில் தயாராகின்றன.

இம்முறைக்கு அறுபடாத நீண்ட இழை அவசியமில்லை. நூலெடுக்க உதவாத இரட்டைக் கூடுகளும், முட்டை உற்பத்தி நிலையங்களில் பூச்சி துளைத்து வெளிவந்த கூடுகளும் போதுமானவை. ஆனால் கறைபட்டவை ஆகா. தோட்டத்தில் தெளித்த மருந்தின் மிச்சம், மனையில் தூவிய பிளீச்சிங் பவுடர் இவை பற்றியும் வாங்குவோர் விசாரிப்பர். தெளித்த தேதியைக் குறித்து வைத்தல் நலம்.

எனினும் இவ்வகைக்கு வேண்டிய பட்டு சொற்பமே. நல்ல கூட்டிற்கு நெசவே பெரிய கிராக்கி. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் ஏற்கெனவே புழு வளர்ப்போர் கழிவுக்கூட்டைச் சுத்தமாய்த் தனியே சேர்த்து வைப்பது தகும். ஒரகடத்தை மாத்திரம் நம்பி நெல்வயலை மாற்றுவது தகாது. முசுக்கட்டை நட்டால் பத்தாண்டுகளுக்கு மேல் நிலத்தை விடாது. கொள்முதல் வாக்குறுதியுடன் தரகர் எவரேனும் கிராமத்திற்கு வந்தால், வாங்குவோர் பெயர், கிலோ விலை, தரம் ஆகிய மூன்றையும் எழுத்தில் பெற்ற பிறகே குழி வெட்டும்படி கிராம அதிகாரிகள் குடியானவர்களுக்குச் சொல்லவேண்டும்.