ராணி பூட்டி வைத்த படம்!

இங்கிலாந்து ராணி எலிசபெத் ஒரு சின்னக் கடைக்குள் போகிறார். கூடவே கடைசி மகன் எட்வர்டு. சிறு பையன். அவனுக்கு ராணி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கிறார். காரெல்லாம் பிசுபிசு என்று ஆகப்போகிறதே என்று, எல்லாத் தாய்மாரையும் போலவே கவலைப்படுகிறார்.

இன்னொரு காட்சி. ஸ்காட்லாந்தில் பால்மோரல் என்ற இடம். திறந்த வெளியில் அடுப்பு எரிகிறது. ராணியின் கணவர் பிலிப் இறைச்சி வாட்டுகிறார். ராணி பச்சைக் காய்கறிக்கு ஊற்றும் குழம்பைக் கலக்குகிறார். சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்க்கிறார்.

இது கதை அல்ல. நாடகமும் அல்ல. ராணியின் குடும்பத்தோடு கூடவே இருந்து படம் பிடித்தது. 1969-ம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்து டெலிவிஷனில் இதைக் காட்டினார்கள். 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

இப்போது அந்தப் படத்தைப் பார்க்க முடியுமா?

முடியாது! அரண்மனை அதைப் பூட்டி வைத்துவிட்டது.

ஆனால் அந்தப் படத்தை எடுத்த கதையை நடிகர்களும் நடிகைகளும் நடித்திருக்கிறார்கள். அதை மட்டும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நிஜ ராணி உள்ளே. நடிகை ராணி வெளியே!

இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக நடந்துவரும் சண்டைக்கு இதுவே காரணம்.

தொப்பி

அரச குடும்பத்தை மக்களுக்கு எவ்வளவு காட்டலாம்? இந்தக் கேள்வி டெலிவிஷன் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது.

1923-ம் ஆண்டில் எலிசபெத் ராணியின் தாய்க்கும் தந்தைக்கும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அதை ரேடியோவில் ஒலிபரப்ப பி.பி.சி. அனுமதி கேட்டது. தேவாலயத்தார் மறுத்துவிட்டார்கள்.

ஏன் தெரியுமா?

"மதுக்கடையில் உட்கார்ந்து, தலையில் தொப்பியோடு கேட்பார்களே!" என்பது அவர்களுடைய பயம். தேவாலயத்துக்குள் போகும் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது அங்கே வழக்கம். தொப்பி போட்டவன் காதில் ஜெபம் விழக் கூடாதாம்!

1937-ம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டினார்கள். அப்போது டெலிவிஷன் வந்துவிட்டது. ஆனாலும் தெருவில் போன ஊர்வலத்தை மட்டுமே காட்டினார்கள். டெலிவிஷன் காமிரா தேவாலயத்தின் வாசற்படியைத் தாண்டவில்லை.

மக்கள் கோபம்

1952-ம் ஆண்டு ஜார்ஜ் மன்னர் இறந்தார். மகள் எலிசபெத் ராணியானார். மறு ஆண்டு ஜூன் 2-ந்தேதி முடிசூட்டு விழா என்று நாள் குறித்தார்கள்.

"விழாவை டெலிவிஷனில் காட்டலாமா?" என்ற பேச்சு எழுந்தது.

பிரதம மந்திரி சர்ச்சில், "வேண்டாம், ராணிக்குச் சிரமம்" என்றார். பெரிய மத குருவும் வேண்டாம் என்றார். இளம் ராணிக்கும் விருப்பம் இல்லை. சினிமாவில் தவறு நேர்ந்தால் வெட்டி எறிந்துவிடலாம். டெலிவிஷனில் அது நடக்குமா? கால் தடுக்கினால் தடுக்கியதுதான்!

தேவாலயத்தின் முன் பகுதியை மட்டும் காட்டலாம், முடி சூட்டும் இடத்தைக் காட்டக் கூடாது என்று அக்டோபர் மாதம் அறிவித்தார்கள்.

உடனே மக்கள் கொதித்தார்கள். பத்திரிகைகள் கண்டித்தன. பார்லிமெண்டில் கேள்வி மேல் கேள்வி. "எங்கள் ராணிக்கு முடி சூட்டுவதைப் பிரபுக்கள் மட்டும் பார்ப்பதா? நாங்கள் பார்க்கக் கூடாதா?" என்பதே எல்லோருடைய பேச்சு.

அரண்மனையும் மந்திரி சபையும் இறங்கி வந்தன. டிசம்பரில் தடை நீங்கியது.

ராணி டெலிவிஷனை அரண்மனைக்கு அழைத்து வரவில்லை. மக்கள்தான் அதன் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

பக்கத்து வீடு

அன்று மழை. இங்கிலாந்து முழுவதும் மக்கள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தார்கள். சுமார் 2 கோடிப் பேர்! எல்லோர் வீட்டிலுமா பெட்டி இருந்தது? இல்லை. சொந்த வீட்டில் பார்த்தவர்களைவிட, பக்கத்து வீட்டிலும் நண்பர் வீட்டிலும் போய்ப் பார்த்தவர்களே அதிகம்.

ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் காமிரா முகத்தைத் திருப்பிக்கொண்டது. ராணியின் நெஞ்சிலும் தலையிலும் கையிலும் புனித எண்ணெய் பூசும் சடங்கு அது. நான்கு பிரபுக்கள் ராணிக்கு மேலே விதானம் பிடித்தார்கள். அதைக் கடவுளுக்கும் ராணிக்கும் நடுவே உள்ள காரியம் என்று விட்டுவிட்டார்கள். அதற்காக யாரும் கோபிக்கவில்லை.

குடிசைக்குள் தலைவர்

1957-ம் ஆண்டு முதல் ராணியே டெலிவிஷனில் தோன்றி கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கூறினார். பிறகு 1969-ல் வந்ததுதான் முதலில் சொன்ன குடும்பப் படம்.

அதை எடுத்தபோதே ஒருவர் எச்சரித்தார். அவர் டேவிட் அட்டன்பரோ. விலங்குகளைப் பற்றிப் படங்கள் எடுத்து உலகப் புகழ் பெற்றவர். அப்போது பி.பி.சி.யில் பெரிய அதிகாரி.

மலைச்சாதித் தலைவனுக்கு மதிப்பு, அவன் குடிசைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவரைதான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டால் தலைமையே போய்விடும் என்பது அவர் சொன்னதன் கருத்து.

படம் வெளிவந்தது. மக்களுக்குப் பிடித்தது. "ராணியும் நம்மைப் போலத்தான்!" என்று மகிழ்ந்தார்கள். ஆனால் ராணியின் மகள் ஆன் இளவரசிக்குப் பிடிக்கவில்லை. அது மோசமான யோசனை என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார்.

படத்தின் உரிமை ராணியிடம் இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் முழுப் படத்தையும் காட்ட அனுமதி தரவில்லை. துண்டு துண்டாகச் சில காட்சிகள் மட்டும் வெளிவந்தன. 2021-ம் ஆண்டு யாரோ முழுப் படத்தையும் யூடியூபில் போட்டார்கள். சில நாட்களிலேயே அது மறைந்துவிட்டது.

பூட்டிவிட்டால் போதுமா? ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? 1987-ல் அரச குடும்பத்தின் பிள்ளைகளே டெலிவிஷன் விளையாட்டுப் போட்டியில் வேடம் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏற்பாடு செய்தவர் யார் தெரியுமா? ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்ட அதே எட்வர்டு! "எப்படி இருந்தது?" என்று நிருபர்களைக் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். இளவரசர் கோபமாக வெளியேறினார்.

டயானா

1995-ம் ஆண்டு நவம்பர் 20-ந்தேதி. இளவரசர் சார்லசின் மனைவி டயானா பி.பி.சி.க்குப் பேட்டி கொடுத்தார். கணவன் மனைவி சண்டையை நாடறியச் சொன்னார். சுமார் 2 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். மறு ஆண்டு விவாகரத்து. அதற்கடுத்த ஆண்டு பாரிஸ் நகரில் கார் விபத்து. டயானா இறந்தார்.

அந்தப் பேட்டியை வாங்க நிருபர் மார்ட்டின் பஷீர் போலி பாங்கிக் கணக்கு அறிக்கைகளைத் தயார் செய்து, டயானாவின் தம்பியிடம் காட்டி ஏமாற்றினார் என்று 2021-ல் ஒரு முன்னாள் நீதிபதி விசாரித்துச் சொன்னார்.

மூத்த மகன் வில்லியம் மனம் நொந்தார். "என் தாயின் பேட்டியை இனி ஒருபோதும் காட்டக் கூடாது" என்று கேட்டுக்கொண்டார். பி.பி.சி.யும் 2022-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டு நவம்பர் மாதம், அந்தப் பேட்டி முழு நாடகமாக வந்துவிட்டது! டயானாவாக ஒரு நடிகை. பஷீராக ஒரு நடிகர்.

மகுடம்

அந்த நாடகத்தின் பெயர் 'தி கிரவுன்'. மகுடம் என்று பொருள். எழுதியவர் பீட்டர் மார்கன். நெட்பிளிக்ஸ் என்ற அமெரிக்க கம்பெனி 2016 முதல் 2023 வரை 60 பகுதிகளாக வெளியிட்டது. கிளேர் பாய், ஒலிவியா கோல்மன், இமெல்டா ஸ்டான்டன் ஆகிய மூவர் அடுத்தடுத்து ராணியாக நடித்தார்கள்.

உடை, நடை, குரல் எல்லாம் அசல் போலவே இருக்கும். தொல்லையே அதில்தான்!

1969-ம் ஆண்டுக் குடும்பப் படத்தையே பாருங்கள். அது பத்திரிகைகளிடம் உதை வாங்கியதாக நாடகத்தில் வருகிறது. பிலிப்பின் வயதான தாய் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து மானத்தைக் காப்பாற்றுவதாகவும் வருகிறது. அப்படிப் பேட்டியே நடக்கவில்லை! படமும் தோற்கவில்லை. அசல் படம் பூட்டிக் கிடக்கும்போது, பார்ப்பவர் எதைக் கொண்டு சரி பார்ப்பார்?

அக்காள் சாவு

இது சில்லறைத் தவறு என்று சொல்லலாம். அடுத்தது அப்படி அல்ல.

பிலிப்புக்கு செசிலி என்று ஓர் அக்காள் இருந்தார். 1937-ம் ஆண்டு நவம்பர் மாதம், கணவருடைய தம்பியின் திருமணத்துக்காக லண்டனுக்கு விமானத்தில் புறப்பட்டார். பெல்ஜியம் நாட்டில் விமானம் நொறுங்கியது. செசிலி, கணவர், இரண்டு ஆண் குழந்தைகள், மாமியார் எல்லோரும் மாண்டார்கள். செசிலி அப்போது கர்ப்பிணி.

பிலிப்புக்கு 16 வயது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

நாடகத்தில் என்ன காட்டினார்கள்? பிலிப் பள்ளியில் அடிதடி செய்கிறான். தண்டனையாக அவனுடைய விடுமுறை ரத்தாகிறது. அதனால்தான் அக்காள் விமானம் ஏறுகிறாள். சவ ஊர்வலத்தன்று தகப்பனார் மகனைப் பார்த்து, உன்னால்தான் இவள் செத்தாள் என்று பழி சொல்கிறார்.

அத்தனையும் கற்பனை!

இது வெளிவந்தது 2017-ல். அப்போது பிலிப்புக்கு வயது 96. உயிரோடு இருந்தார்.

80 ஆண்டு ஆறாத துக்கம் ஒன்றில், செய்யாத குற்றத்தைச் சேர்த்துக் காட்டலாமா? அரசர் குடும்பம் என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? வேறு எந்தக் குடும்பத்தின் சாவிலாவது இப்படிக் கை வைக்க முடியுமா? இந்த இடத்தில் நாடகக்காரர் பக்கம் பேசுவது கடினம்.

ஒரு வரி

"இது கற்பனை கலந்தது" என்று தொடக்கத்தில் ஒரு வரி போட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 2020-ம் ஆண்டு மந்திரி ஆலிவர் டவுடன் கேட்டார். டயானாவின் தம்பி கேட்டார். நாடகத்தில் ராணியின் தங்கையாக நடித்த ஹெலினா போன்ஹாம் கார்ட்டரே, இது நாடகம் என்று சொல்வது நம் கடமை என்றார்!

கம்பெனி மறுத்தது. நாடகம் என்பது எல்லோருக்கும் தெரியுமே என்றது. விவரம் பிசகலாம், உண்மை பிசகக் கூடாது என்பது மார்கனின் வாதம்.

எல்லோருக்கும் தெரியுமா? டயானா கதை வந்த அந்த மாதமே, சார்லசின் இரண்டாவது மனைவி கமிலா மீது வசைமாரி பொழிந்தது. டுவிட்டரில் அரண்மனையார் பதில் எழுதும் வசதியையே நிறுத்தி வைத்தார்கள். டயானா இறந்தபோது பிறந்தே இராதவர்களும் நாடகத்தைப் பார்த்துக் கோபப்பட்டார்கள்.

2022-ம் ஆண்டு செப்டம்பரில் ராணி இறந்தார். அடுத்த இரண்டு மாதத்தில் புதிய பகுதிகள் வந்தன. தாயை ராஜினாமா செய்ய வைக்க சார்லஸ் பிரதம மந்திரி ஜான் மேஜரிடம் தூது போனதாக ஒரு காட்சி. மேஜர் சீறினார். அத்தனையும் பிதற்றல் என்றார். புகழ் பெற்ற நடிகை ஜூடி டெஞ்ச் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அவரே இரண்டு பழைய ராணிகளாக சினிமாவில் நடித்தவர்! ஆனால் அந்த ராணிகள் இருவரும் எப்போதோ இறந்துபோனவர்கள்.

கடைசியில் விளம்பரப் படத்தின் கீழே மட்டும், கற்பனை கலந்த நாடகம் என்று கம்பெனி எழுதியது.

குடும்பத்தில் எல்லோரும் ஒரே கட்சி என்று எண்ணிவிட வேண்டாம். டயானாவின் இளைய மகன் ஹாரி, பத்திரிகைகள் எழுதுவதைவிட அந்த நாடகமே தேவலை என்றார். அது தன்னைக் கற்பனை என்று ஒப்புக்கொள்கிறது. பத்திரிகைகள் செய்தி என்று சொல்லிக்கொள்கின்றன என்றார்.

புகார்

சரி, மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

2021-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந்தேதி பிலிப் இறந்தார். பி.பி.சி. வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, அவரைப் பற்றியே காட்டியது. ஒரு சமையல் போட்டியின் இறுதிப் பந்தயமும் தள்ளிப்போயிற்று. வந்து குவிந்த புகார்கள் 1 லட்சத்து 9 ஆயிரத்து 741! இவ்வளவு காட்ட வேண்டுமா என்று கேட்டவர்களே மிகப் பெரும்பாலோர். புகார் செய்வதை இவ்வளவு சுலபமாக்கலாமா என்று புகார் செய்தவர்களும் உண்டு!

அதே மக்கள்தான் மறு ஆண்டு ராணியின் இறுதிச் சடங்கை இரண்டரைக் கோடிக்கு மேல் கூடிப் பார்த்தார்கள். ராஜா வேண்டும் என்று சொல்பவர்களே கருத்துக் கணிப்புகளில் அதிகம். வயதானவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். இளைஞர்களிடம் அந்த உறுதி இல்லை.

திரை

2023-ம் ஆண்டு மே 6-ந்தேதி சார்லசும் கமிலாவும் முடிசூடினார்கள். உச்ச நேரத்தில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். 70 ஆண்டுகளுக்கு முன்பும் ஏறக்குறைய இதே கணக்கு!

எண்ணெய் பூசும் நேரம் வந்தது. இந்த முறை விதானம் போதாது என்று மூன்று பக்கமும் திரை வைத்தார்கள். அதில் ஒரு மரம் பின்னப்பட்டிருந்தது. காமன்வெல்த்தின் 56 நாடுகளுக்காக 56 இலைகள்.

காமிராக்கள் திரையையே காட்டிக்கொண்டிருந்தன. உள்ளே நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

1953-ம் ஆண்டு எலிசபெத் ராணிக்கு அந்தச் சடங்கு நடந்தபோதும் யாரும் பார்க்கவில்லை. ஆனால் 2016-ல் கிளேர் பாய் அதை நடித்துக் காட்டியிருக்கிறார்.