தண்ணீரில் ஓடும் பொம்மை இறால்... துரத்தி வரும் கிழங்கான்! ஆஸ்திரேலிய மணல்திட்டுகளில் ஒரு தூண்டில் ஆட்டம்

முழங்காலுக்குக் கீழே தண்ணீர். அடியில் கிடக்கும் கிளிஞ்சல்கூடத் தெரிகிற அளவுக்குத் தெளிவு. தொப்பியும் கூலிங் கிளாஸுமாக ஒருவர் நின்று, விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் பொம்மையைத் தூரமாக வீசுகிறார். அது தண்ணீர் மேலேயே சளக் சளக்கென்று துள்ளிக்கொண்டு திரும்பி வருகிறது. அதற்குப் பின்னால் ‘வி’ வடிவத்தில் ஓர் அலை, பக்கத்திலேயே இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. நாலைந்து மீன்கள் போட்டி போட்டுக்கொண்டு அந்தப் பொம்மையைத் துரத்துகின்றன.

யூடியூபில் மீன்பிடி வீடியோ பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், ஆறு கடலில் சேரும் கழிமுகங்களில் கோடைக்காலம் முழுக்க நடக்கிற விளையாட்டு இது. நம் வீட்டில் ஆர்வமாகப் பார்க்க ஒரு காரணம் உண்டு. துரத்தி வருகிற அந்த மீன், நம்ம ஊர் கிழங்கானின் நெருங்கிய சொந்தம்!

பெயர் செய்த குழப்பம்

அங்கே அதற்குப் பெயர் சாண்ட் வைட்டிங், அதாவது மணல் வைட்டிங். இங்கிலாந்தில் ‘வைட்டிங்’ என்று ஒரு மீன் உண்டு. அது காட் மீனின் உறவு, குளிர்கடல்வாசி. இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் புது ஊரில் பார்த்த மீனுக்குப் பழைய ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது.

உண்மையான உறவு நம் பக்கம்தான். அறிவியல் பெயரில் அது சில்லாகோ சிலியாட்டா, நம் கிழங்கான் சில்லாகோ சிஹாமா. ஒரே பேரினம். கூர்மையான முகம், கீழ்நோக்கிய சின்ன வாய், வெள்ளி உடம்பு, மணலில் மேய்கிற பழக்கம் எல்லாம் ஒன்றுதான். கிழங்கானை வாங்கிச் சுத்தம் செய்து பழகிய எந்த அம்மாவும் அதைப் பார்த்த உடனே அடையாளம் சொல்லிவிடுவார். ஆஸ்திரேலிய மீன் கொஞ்சம் பெரிசு. அரை மீட்டர் வரைகூட வளரும் என்றாலும், 40 சென்டிமீட்டரைத் தாண்டினாலே தூண்டில்காரர்கள் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிடுவார்கள். அந்த சைஸ் மீனுக்கு ‘எல்போ ஸ்லாப்பர்’ என்று செல்லப் பெயர். தலையைக் கையில் பிடித்தால் வால் முழங்கையில் அறையுமாம்!

கீழே மேயும் மீன் மேலே வருவது ஏன்?

விஷயமே இதில்தான் இருக்கிறது. கிழங்கான் இனம் தரையில் மேய்கிற மீன். மணலைக் கிளறி புழு, சின்ன நண்டு, மணலுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு வகை இறால் ஆகியவற்றைத் தின்னும். அதற்கு ஏற்றபடிதான் வாயும் கீழே பார்த்து இருக்கிறது. அதனால் அங்கேயும் பல தலைமுறைகளாக புழுவையோ மணல் இறாலையோ முள்ளில் குத்தி, ஈயம் கட்டி, தரையில் போட்டுத்தான் பிடித்தார்கள். மணலிலிருந்து அந்த இறாலை உறிஞ்சி எடுக்க, சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்பே கடையில் விற்கிறது. இப்படிப்பட்ட மீன் தண்ணீர் மேலே ஓடுகிற பிளாஸ்டிக்கைக் கடிக்கும் என்று சொன்னால் அந்தக் காலத்தில் சிரித்திருப்பார்கள். 2000-க்குப் பிறகுதான் இந்த முறை பரவலாகி, பலருக்குப் பைத்தியமாகவே பிடித்துவிட்டது.

கோடையில் கழிமுகங்களில் இறால் பெருகும். பயந்த இறால் என்ன செய்யும் தெரியுமா? வாலைச் சுண்டி மேலே துள்ளி, தண்ணீர்ப் பரப்பிலேயே தத்தித் தத்தி ஓடும். ஆழமே இல்லாத மணல்திட்டில் தரைக்கும் மேற்பரப்புக்கும் இடைவெளி இரண்டு மூன்று அடிதான். தரையில் மேயும் மீனுக்கு மேலே ஏறி வருவது அங்கே பெரிய வேலையே இல்லை. ஓடுகிற இறாலைக் கூட்டமாகத் துரத்தும். அந்த ஓட்டத்தைத்தான் பொம்மை நகல் எடுக்கிறது.

பொம்மையில் முக்கியமாக இரண்டு வகை. ‘பாப்பர்’ என்பது முகத்தில் குழிவு உள்ளது. இழுத்தால் தண்ணீரைத் துப்பி, சத்தம் போட்டுக்கொண்டு வரும். இன்னொன்று பென்சில் மாதிரி நீளமானது. தூண்டில் கம்பின் நுனியைச் சீராக ஆட்டிக்கொண்டே சுற்றினால் இடதும் வலதுமாக நெளிந்து வரும். கயிற்றில் கட்டிய நாய்க்குட்டி இங்கேயும் அங்கேயும் மோப்பம் பிடித்தபடி வருவதுபோல இருப்பதால், அந்த அசைவுக்கே ‘வாக்கிங் த டாக்’ என்று பெயர். ஜப்பானிய கம்பெனிகளின் ‘சுகாபென்’, ‘சாமி’ போன்றவை இந்த வகையில் பிரபலம். (நம்ம ஊர் சாமி இல்லை!) ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளம், இறால் போலவே கண்ணாடி நிறம்.

இனி சொல்லப்போவதுதான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம். மீன் பின்னால் வருவதைப் பார்த்ததும் கை தானாக நின்றுவிடும். ‘பாவம், கடித்துக்கொள்ளட்டும்’ என்று தோன்றும். நிறுத்தினால் போச்சு! கிழங்கான் ஒரு நொடி முறைத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும். உயிருக்குப் பயந்து ஓடுகிற இறால் நடுவில் நின்று ஓய்வெடுக்காது என்பது அதற்குத் தெரியும்போல. அதனால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், துரத்தினால் இன்னும் வேகமாக. இதே திட்டில் திரியும் பிரீம் மீனுக்கு நேர்மாறு. பொம்மை நின்றால்தான் அது கடிக்கும். ஒரே இடம், ஒரே பொம்மை, இரண்டு குணம்.

கடித்ததும் வெட்டி இழுப்பதும் கூடாது. சின்ன வாய் என்பதால் முதல் இரண்டு மூன்று கடி தவறும். தண்ணீர் சிதறுகிற சத்தம் கேட்டு கம்பை வெடுக்கென்று இழுத்தால், பொம்மை மீனிடமிருந்து பறந்து உங்கள் தொப்பியில் வந்து மாட்டும். கம்பு கனத்து வளைகிறவரை சுற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி. இதற்காகவே பலர் பொம்மையோடு வரும் முள்ளைக் கழற்றிவிட்டு, நூலில் தொங்குகிற சின்ன முள்ளை மாட்டிக்கொள்கிறார்கள்.

மற்ற சாமான்கள் எளிமையானவை. ஏழடி நீள மெல்லிய கம்பு, சின்ன ரீல், மெல்லிய பின்னல் நூல், அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத நரம்பு கொஞ்சம். போலரைஸ்டு கண்ணாடி மட்டும் அவசியம். அது இல்லாமல் தண்ணீருக்குள் நடப்பது பாதிதான் தெரியும்.

காற்று அடித்தால் நல்லது

தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். அங்கே கோடை நமக்கு மார்கழி, தை. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை சீசன் என்று வைத்துக்கொள்ளலாம். ஓதம் ஏறும்போது, வற்றிக் கிடந்த திட்டின் மேல் தண்ணீர் பரவும். அந்தப் புதுத் தண்ணீரோடு சேர்ந்து மீனும் மேய வரும். லேசான காற்றில் தண்ணீர் சிலுசிலுத்தால் இன்னும் விசேஷம். கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும் தண்ணீரில் மீன் உஷாராகிவிடும். குயின்ஸ்லாந்தில் நூசா ஆறு, பியூமிஸ்டோன் கால்வாய்ப் பகுதி, கோல்ட் கோஸ்ட் பிராட்வாட்டர், நியூ சவுத் வேல்ஸில் லேக் மக்குவாரி, துரோஸ் ஏரி என்று பெயர் பெற்ற இடங்கள் நிறைய.

அளவு நாடா எடுத்துக்கொண்டீர்களா?

சிட்னியிலோ பிரிஸ்பேனிலோ உங்கள் பிள்ளைகளோ, அண்ணன் குடும்பமோ இருந்தால் இந்தப் பகுதியை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஊரில் வாய்க்காலில் தூண்டில் போட்ட பழக்கத்தில் அங்கே நேராகப் போய் நின்றுவிட முடியாது.

நியூ சவுத் வேல்ஸில் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கவும் கட்டணம் கட்டி ரசீது வைத்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. சாண்ட் வைட்டிங் 27 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். ஒருவர் ஒரு நாளைக்கு 20 மீன்தான் எடுக்கலாம். குயின்ஸ்லாந்தில் கடல் மீனுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அங்கே குறைந்த அளவு 23 சென்டிமீட்டர், கைவசம் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை 30. அதிகாரிகள் கரையிலேயே வந்து அளந்து பார்ப்பார்கள், அபராதம் கடுமை. விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் மாநில அரசின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஹோம்புஷ், வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் என்று தமிழர்கள் அதிகம் வாழ்வது சிட்னியின் மேற்குப் பக்கம். அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓடுவது பாரமட்டா ஆறு. அங்கேயும் வைட்டிங் கிடைக்கும். ஆனால், சிட்னி ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடிக்கிற எந்த மீனையும் சாப்பிட வேண்டாம் என்பது அரசின் அறிவுரை! முன்பு ஹோம்புஷ் பே கரையில் இருந்த ரசாயனத் தொழிற்சாலைகளின் டையாக்சின் நஞ்சு அடிச்சேற்றில் தங்கிவிட்டது. 2006-ல் ஹார்பரில் வணிக மீன்பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள். விளையாட்டுக்குப் பிடித்துத் திரும்ப விடலாம், குழம்புச் சட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. பளிச்சென்று புதுசாகத் துடிக்கிற மீனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதுதான் பயமே.

இன்னொரு பக்கம், கடற்பாறைகளில் நின்று தூண்டில் போட்டு அலையில் அடித்துச் செல்லப்படுகிறவர்களில் வெளிநாட்டில் பிறந்து அங்கே குடியேறியவர்கள் கணிசம். அதனால்தான் 2016-ல் தனிச் சட்டமே கொண்டுவந்து, அறிவிக்கப்பட்ட பாறைப் பகுதிகளில் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கினார்கள். பாறையோடு ஒப்பிட்டால் மணல்திட்டு எவ்வளவோ மேல். குழந்தைகளையும் கூட்டிப் போகலாம்.

அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். திட்டின் மணலுக்குள் திருக்கை புதைந்து படுத்திருக்கும். ஸ்டீவ் இர்வின் 2006-ல் திருக்கை குத்தித்தான் இறந்தார் என்பது நினைவிருக்கலாம். அது நெஞ்சில் பட்ட அபூர்வமான விபத்து. திட்டில் பெரும்பாலும் நடப்பது, தெரியாமல் மிதித்துக் காலில் வாங்கிக்கொள்வது. அதற்குத் தடுப்பு, பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடப்பது. அதிர்வு தெரிந்ததும் அது தானே நகர்ந்துவிடும். கனமான ஷூ போடுவதும் உதவும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும். பிறகு கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி முள் உள்ளே இருந்தால் பிடுங்கவே கூடாது. உடனே 000-க்கு போன் செய்ய வேண்டும். குயின்ஸ்லாந்தின் வடக்கே இன்னும் மேலே போனால் முதலையும் உண்டு. அங்கே தண்ணீரில் இறங்கி நிற்பதையே மறந்துவிடலாம்.

வலை போனது, தூண்டில் வந்தது

இந்தப் பொழுதுபோக்குக்குப் பின்னால் கொஞ்சம் கசப்பான கணக்கும் இருக்கிறது. 2001-ல் நியூ சவுத் வேல்ஸ் அரசு கடல் தூண்டிலுக்கும் கட்டணம் கொண்டுவந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு வலைக்காரர்களின் உரிமங்களை விலைக்கு வாங்கி, 2002-ல் முப்பது நீர்ப்பரப்புகளைப் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு ஒதுக்கியது. லேக் மக்குவாரி, பாட்டனி பே, செயின்ட் ஜார்ஜஸ் பேசின், துரோஸ் ஏரி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அங்கே மீன் நன்றாகக் கிடைக்கிறது என்று தூண்டில்காரர்கள் கொண்டாடுகிறார்கள். பிழைப்புக்கு வலை வீசியவர்கள் நஷ்ட ஈடு வாங்கிக்கொண்டு விலகிப் போனார்கள்.

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் கழிமுகத்தை நம்பி அடுப்பெரிக்கிற குடும்பங்களைப் பற்றிப் படித்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று ஒட்டாது. விளையாடுகிறவருக்காகப் பிழைக்கிறவரை நகர்த்துவதா என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீர் கெட்டால் கேள்வி கேட்க அங்கே பணம் கட்டிய பெரிய கூட்டம் ஒன்று தயாராக இருக்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது நம் பக்கம் தனியாக நின்றது மீனவர்கள்தான்.

திட்டுக்கு மீனைத் தவிர வேறு சொந்தக்காரர்களும் உண்டு. வளைந்த நீள அலகுள்ள ஃபார் ஈஸ்டர்ன் கர்லூ பறவை ரஷ்யா, சீனாவிலிருந்து கிளம்பி இதே கோடையில் இங்கே இரை தேட வருகிறது. மணல் இறாலும் நண்டும்தான் அதற்கும் சாப்பாடு. மிக ஆபத்தான நிலையில் இருக்கும் பறவையாக ஆஸ்திரேலியா அதை 2015-ல் அறிவித்தது. பறவைக் கூட்டம் நிற்கிற பக்கம் போகாமல் சுற்றிப் போவது அங்கே நல்ல தூண்டில்காரரின் லட்சணம்.

நம்ம ஊரில் நடக்குமா?

நம் கழிமுகங்களிலும் கடலோர மணலிலும் கிழங்கான் இருக்கிறது, இறாலும் இருக்கிறது. ஆழம் குறைந்த, தெளிந்த தண்ணீர் வேண்டும் என்பதுதான் சிக்கல். கலங்கிய தண்ணீரில் பொம்மையை ஓட்டினால் துரத்துவது தெரியாது, பாதி சந்தோஷம் போய்விடும். ஆசைப்படுகிறவர்கள் ஓதம் பார்த்து, அந்தப் பகுதி மீனவர்களிடம் கேட்டுவிட்டு முயற்சி செய்யலாம். வலை கட்டியிருக்கும் இடத்தில் முள்ளை வீசி வம்பை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

தூண்டில் எல்லாம் நமக்கெதற்கு என்பவர்களுக்கு மார்க்கெட் இருக்கவே இருக்கிறது. முள் குறைவு, சதை பஞ்சு மாதிரி என்பதால் சின்னக் குழந்தைகளுக்கும் தைரியமாகக் கொடுக்கிற மீன் கிழங்கான். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்போடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, அரை மணி நேரம் ஊற வைத்துத் தோசைக்கல்லில் போடுங்கள். அடிக்கடி புரட்டாதீர்கள், உடைந்துவிடும்.