கப்பலின் குரலும் கம்பிச்சுருளும்

நடுக்கடலில் இடருற்ற கப்பல்கள், 1999-ஆம் ஆண்டு வரை, வினாடிக்கு 5,00,000 முறை அதிரும் வானொலி அலையில் மோர்சுக் குறிகளை விடுத்து உதவி வேண்டின. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் டைட்டானிக் கப்பல் விடுத்த குறிகளைக் கேட்டே கார்ப்பேத்தியா என்னும் கப்பல் விரைந்து சென்று 700-க்கு மேற்பட்டோரை உயிருடன் மீட்டது.

அவ்வதிர்வுடைய அலையின் நீளம் 600 மீட்டர். அதனை எளிதில் பரப்புதற்கு, நிமிர்ந்து நிற்கும் வான்கம்பி அலைநீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது 150 மீட்டர் உயரம் இருத்தல் வேண்டும். எந்தக் கப்பலின் பாய்மரம் அத்துணை உயரம் தாங்கும்? குட்டையான கம்பியோ மின்தேக்கியைப் போன்றது. ஊட்டிய மின்சாரத்தை உடனே திருப்பித் தள்ளிவிடும். கம்பிச்சுருளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஆதலின் கம்பியின் அடியில் தக்கதொரு சுருளை இணைப்பின், இரண்டன் எதிர்ப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மின்னோட்டம் தடையின்றிப் பாயும்.

சுருளில் சுற்றிய கம்பியின் நீளமே குறைந்த உயரத்துக்கு ஈடாகின்றது என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. நிகழ்வது துலாக்கோலின் சமனிலை போன்றது. அதுவும் ஓர் அதிர்வெண்ணுக்கே உரியது. ஓர் அதிர்வெண்ணில் கம்பியின் எதிர்ப்பு 600 ஓம், சுருளின் எதிர்ப்பும் 600 ஓம் எனக் கொள்க. அதிர்வெண் இருமடங்கானால் கம்பியின் எதிர்ப்பு 300-ஆகக் குறையும். சுருளின் எதிர்ப்போ 1,200-ஆக உயரும். சமன் குலையும். இதனாலேயே, அலை மாறுந்தோறும் சுற்றுகளைக் கூட்டவும் குறைக்கவும் இயலுமாறு சுருள்கள் அமைக்கப்பட்டன.

அதிர்வெண் மேலும் மிகுமாயின் சுருள் வேறொரு கோலம் கொள்ளும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே சிறு மின்தேக்கிகள் இருப்பது போன்ற நிலை தோன்றும். ஒரு குறித்த அதிர்வெண்ணில் சுருள் அடைத்த கதவாகும். வான்கம்பியின் நடுவே அத்தகைய சுருள் இருப்பின், அதற்கு மேலுள்ள பகுதி வெட்டி எறியப்பட்டது போலாகிவிடும். வானொலி வல்லுநர் இதனையும் பயன்கொண்டு, ஒரே கம்பியை இரண்டு மூன்று அலைகளுக்கு உதவச் செய்வர்.

ஆயினும் சுருள் உயரத்தைத் தருவதில்லை. குட்டைக் கம்பி அலையைக் குறைவாகவே பரப்பும். ஊட்டிய ஆற்றலில் பெரும்பகுதி சுருளில் வெப்பமாகக் கழியும். இரண்டாம் உலகப்போரில், கடலில் வீழ்ந்த விமானத்தினர்க்கெனக் கையால் சுழற்றும் சிறு கருவி ஒன்று இருந்தது. தோள்வலியால் பெறும் சிறிதளவு மின்சாரத்தைச் சுருளில் இழத்தல் ஆகாது. எனவே அதனுடன் ஒரு காற்றாடியும் வைக்கப்பட்டது. மீட்புப் படகிலிருந்து அது வானில் ஏறி, ஏறத்தாழ 90 மீட்டர் கம்பியைத் தூக்கி நின்றது.