பயந்தால் பொய் சொல்லும் சிறுநீர்ப்பை

திருப்பரங்குன்றத்து முருகனைப் போற்றும் எட்டாம் பரிபாடலை இயற்றியவர் நல்லந்துவனார். அதற்குப் பாலையாழ்ப் பண்ணில் இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார். இசையும் மருத்துவமும் அன்று ஒரே ஆளிடம் இருந்திருக்கின்றன. இன்றைய மருத்துவமனையில் அந்த இரண்டும் அவசியம் சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை அறை.

சிறுநீரை அடக்க முடியாதவர்கள், முக்கி முக்கிப் போகிறவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் இங்கே வருவார்கள். சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய குழாய் ஒன்று, ஆசனவாயில் இன்னொன்று. சலைன் மெதுவாக உள்ளே ஏறும். "எப்ப முட்டுதுன்னு சொல்லுங்கம்மா" என்பார் நர்ஸ். 400, 500 மில்லி வரை நிறைந்ததும், குழாயோடு, முன்பின் தெரியாதவர்கள் நிற்கும்போதே போகச் சொல்வார்கள். மயக்க மருந்து தர முடியாது. நோயாளி விழித்திருந்து சொல்லும் பதில்தான் பரிசோதனையில் பாதி.

பலருக்கு அப்போது ஒரு சொட்டும் வராது. பயந்த உடலில் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்பட்டு, சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்தி அதன் கழுத்தை இறுக்குகின்றன. கூச்சத்தில் இடுப்படித் தசையும் இறுகிக்கொள்கிறது. திரையில் ஓடும் அழுத்தக் கோடு நோயைக் காட்டுகிறதா, அச்சத்தைக் காட்டுகிறதா? அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் சில நேரம் அறுவை சிகிச்சையே முடிவாகிறது.

இந்த அச்சத்தைத் தணிக்க, சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் இன்னொரு பரிசோதனையான சிஸ்டோஸ்கோப்பியில் இசையைச் சோதித்திருக்கிறார்கள். 2013இல் கொரியாவிலிருந்தும் 2014இல் சீனாவிலிருந்தும் வெளிவந்த ஆய்வுகளில், இசை கேட்டபடி படுத்திருந்த ஆண்களுக்குப் பதற்றமும் வலியும் குறைந்திருந்தன. சீன ஆய்வில் ஒலித்தது நோயாளிக்குப் பிடித்த இசை. நம் ஊரில் அது இளையராஜாவாக இருக்கலாம், நாதஸ்வரமாக இருக்கலாம், கந்த சஷ்டி கவசமாகவும் இருக்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மனதை அமைதியாக்கும் ஒலி என்று யூடியூபில் தேடினால் அருவி, மழை, ஓடை என்றுதான் வரிசையாக வரும். சலைன் ஏறும்போது இவை கூடவே கூடாது. குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்கவைப்பது, சிறுநீர்ப்பையைச் சீண்டிப் பார்க்க மருத்துவர்களே கையாளும் உத்தி. போகச் சொல்லும் கட்டத்தில் அதே சத்தம் கைகொடுக்கலாம். காதை அடைக்கும் ஹெட்போனும் சரிவராது, நர்ஸ் கேட்பது காதில் விழ வேண்டுமே. அறையில் ஒரு சின்ன ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலி, அது போதும்.

திருப்பரங்குன்றத்தை அடுத்த தோப்பூரில் எய்ம்ஸ் எழுந்துவருகிறது. அங்கே இந்த அறையை அமைக்கப்போகிறவர்கள் கருவிப் பட்டியலில் ஒரு ஸ்பீக்கரையும், நல்ல மறைப்புத் திரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பரிசோதனைக்குப் போகிறவர்களும் கூச்சப்படாமல் டாக்டரிடம் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்கலாம்.