பழைய டீசல் வண்டி எவ்வளவு குடிக்குது? நாமே அளந்து பார்க்கலாம்

உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போவதை நிறுத்திவிட்டோம். ஆனால் விளைந்ததை நாமே சந்தைக்குக் கொண்டுபோய் விற்க ஆரம்பித்த பிறகு, டீசல் பங்க்குக்குப் போவது கூடிவிட்டது. இன்று நம்மில் பலருக்கு வெளியிலிருந்து வாங்கும் பெரிய இடுபொருளே டீசல்தான். "வண்டி லிட்டருக்கு எத்தனை தருது?"ன்னு கேட்டால், "ஒரு பதினஞ்சு, பதினாறு தரும்"னு குத்துமதிப்பாகத்தான் பதில் வருகிறது.

இந்தக் குத்துமதிப்பின் விலை என்ன? சந்தை 48 கி.மீ. தூரம், போய்வர 96 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். டீசல் லிட்டர் 93 ரூபாய். வண்டி 16 கொடுத்தால் 6 லிட்டர், 558 ரூபாய். அதே வண்டி 12 கொடுத்தால் 8 லிட்டர், 744 ரூபாய். ஒரு நடைக்கு 186 ரூபாய் வித்தியாசம். வாரம் இரண்டு நடை என்றால் வருடத்துக்கு 19,344 ரூபாய். இது நம் கைக்கு வராமலேயே புகையாகப் போகும் பணம்.

புதுக் கருவி பழைய வண்டியில் ஏன் வேலை செய்யாது?

புது வண்டிகளில் ஒவ்வொரு சொட்டு டீசலையும் கணினிதான் அளந்து விடுகிறது. அதனால் ஓடும்போதே மைலேஜை மீட்டரில் காட்ட முடிகிறது. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் பழைய வண்டி. 2005-ல் வந்த டாடா ஏஸை எடுத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர்ல 'குட்டி யானை'. 702 சி.சி., இரண்டு சிலிண்டர் இன்ஜின். அந்தக் காலத்து வண்டிகளில் டீசலை அளந்து கொடுப்பது இயந்திர பம்ப்தான். கேட்டுச் சொல்ல அங்கே கணினி கிடையாது. செல்போனோடு இணைக்கும் ஸ்கேனரைச் செருக இடமும் இருக்காது.

"உள்ளே போகும் காற்றை அளந்து கணக்குப் போடலாமே" என்று சிலர் சொல்வார்கள். அது பெட்ரோல் இன்ஜினுக்குச் சரி. அங்கே ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் பெரும்பாலும் மாறாது. டீசல் இன்ஜின் அப்படியில்லை. சும்மா நிற்கும்போதும் சிலிண்டர் நிறையக் காற்றை இழுக்கும், சுமை ஏற்றி மேடு ஏறும்போதும் இழுக்கும். மாறுவது டீசலின் அளவு மட்டுமே. ஆகவே டீசலைத்தான் அளக்க வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். டேங்க்கிலிருந்து பம்ப்புக்குப் போகும் டீசல் முழுவதும் எரிவதில்லை. மிஞ்சியதும் நாசில்களில் கசிவதும் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்கே திரும்பிவிடும். போகும் குழாயில் மட்டும் மீட்டர் வைத்தால், எரியாததையும் சேர்த்துக் காட்டும்.

முதல் வழி: ஃபுல் டேங்க் கணக்கு

பழைய முறைதான், ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரே பங்க்கில், வண்டி சமமாக நிற்கும் ஒரே இடத்தில், குழாய் தானாக நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே தட்டித் தட்டி நிரப்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் நிரம்பும் மட்டம் ஒரு லிட்டர் முன்பின் இருக்கலாம். 5 லிட்டர் போட்டுக் கணக்குப் பார்த்தால் அது 20 சதவீதப் பிழை. நான்கைந்து முறை நிரப்பி, மொத்தம் 50 லிட்டருக்குச் சேர்த்துப் பார்த்தால் 2 சதவீதம்தான்.

கி.மீ. மீட்டரையும் சோதித்துவிடுங்கள். சாலையோர கிலோமீட்டர் கற்களைப் பார்த்து 10 கி.மீ. ஓட்டி ஒப்பிட்டால் போதும். டயர் அளவு மாற்றியிருந்தால் மீட்டர் தவறாகவே காட்டும்.

இரண்டாம் வழி: கேனும் தராசும்

ஒரு நடையில், ஒரு குறிப்பிட்ட வேகத்தில், இந்தச் சுமைக்கு எவ்வளவு குடிக்குதுன்னு தெரிய இதுவே நல்ல வழி. தராசு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி எடை போடுங்கள். மெக்கானிக்கை வைத்து, டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கேனுக்கு மாற்றுங்கள். ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விட வேண்டும். அது டேங்க்குக்குப் போனால் கணக்கு பொய்யாகிவிடும். ஏர் லாக் எடுத்து, இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு மறுபடி எடை பாருங்கள். பிறகு ஒரே சாலையில் 10 கி.மீ. போய், அதே வழியில் திரும்புங்கள். ஏற்றமும் இறக்கமும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும்.

ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். 20 கி.மீ. ஓடியதில் 1,040 கிராம் குறைந்தால், 1.25 லிட்டர் எரிந்திருக்கிறது. மைலேஜ் 16. டீசல் சூடானால் விரியும், ஆனால் எடை மாறாது. அதனால் லிட்டர் கோட்டைப் பார்ப்பதைவிட எடை போடுவது நம்பகமானது.

கேனை அசையாமல் கட்டுங்கள். டிரைவர் கேபினுக்குள்ளோ சைலன்சர் பக்கத்திலோ வைக்கக் கூடாது. மூடியில் காற்றுப் போக சின்னத் துளை வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. இதே முறையில் டீசல் பம்ப்செட்டையும் ஒரு மணி நேரம் ஓட்டி அளக்கலாம்.

மூன்றாம் வழி: இரட்டை மீட்டர்

போகும் குழாயில் ஒன்று, ரிட்டர்னில் ஒன்று என இரண்டு மீட்டர் வைத்துக் கழித்துக் காட்டும் கருவிகள் உண்டு. வாங்கும் முன் இதை யோசியுங்கள். மணிக்கு 20 லிட்டர் போய் 17.5 லிட்டர் திரும்பினால், எரிந்தது 2.5 லிட்டர். ஒவ்வொரு மீட்டரும் 2 சதவீதம் தவறினால், இரண்டும் சேர்ந்து 0.75 லிட்டர் வரை போகலாம். 2.5-ல் அது 30 சதவீதம்! மலிவான மீட்டர் அலங்காரத்துக்குத்தான் ஆகும். நல்ல மீட்டர், தினமும் ஓடும் பெரிய லாரிக்குக் கட்டுப்படியாகும். வாரம் இரண்டு நடை போகும் வண்டிக்குக் கேனும் தராசும் போதும்.

ஓட்டும்போது கவனிக்க

- கறும்புகை வந்தால், முழுதாக எரியாத டீசல் வெளியே போகிறது. ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள், அல்லது கியரைக் குறையுங்கள்.
- இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்பது தவறு. கியரில் வைத்துக் காலை எடுத்தால், ஐட்லிங் வேகத்துக்கு மேல் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐட்லிங் டீசல் எரிந்துகொண்டே இருக்கும், பிரேக்குக்கும் ஆபத்து.
- 60-லிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 1.8 மடங்கு ஆகிறது. தார்ப்பாய் படபடவென்று அடித்தால் அதுவும் சேரும்.

எண்ணிக்கை இறங்கினால்

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். முதலில் டயரில் காற்று. அடுத்து ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும். பிறகு ஏர் ஃபில்டர். நம்ம மண்பாதைத் தூசிக்கு அது சீக்கிரம் அடைக்கும். கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் ஏறவில்லை என்றால், அப்போது நாசிலையும் பம்ப்பையும் டீசல் பம்ப் கடையில் காட்டுங்கள். எதைச் சரிசெய்தாலும் முன்னும் பின்னும் அளந்தால்தான் செலவு செய்தது பலித்ததா என்று தெரியும்.

கடைசிக் கணக்கு கிலோவுக்கு

வண்டியில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கி.மீ., டீசல், ஏற்றிய சுமை என நாலே பத்தி. லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பது பாதிக் கணக்குதான். ஒரு கிலோ காய்க்கு எவ்வளவு டீசல் செலவு என்பதே முழுக் கணக்கு. முன்பு சொன்ன 96 கி.மீ. நடையில் 300 கிலோ ஏற்றினால், 12 மைலேஜில் கிலோவுக்கு 2.48 ரூபாய். பழுது பார்த்து 16 ஆக்கினால் 1.86. பக்கத்துத் தோட்டக்காரரின் 300 கிலோவையும் சேர்த்து ஏற்றினால், மைலேஜ் 15-க்கு இறங்கினாலும் கிலோவுக்கு 99 காசுதான்.

மெக்கானிக் மிச்சப்படுத்தித் தருவது 62 காசு. பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து போனால் அதற்கு மேல் இன்னொரு 87 காசு மிச்சம். விலைப் பலகையில் காய் விலையை எழுதும் முன், அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.