கைப்பந்துப் பயிற்சி: ஆட்டத்திற்கு முன் அடிப்படைத் திறன்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டமாக இயங்கும் திருப்பதியிலும் பள்ளிகள் குறைந்த செலவில் கற்பிக்கக்கூடிய விளையாட்டு கைப்பந்து. ஒரு வலை, ஒரு பந்து, 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட களம் இருந்தால் போதும்.

ஆயினும், உடற்கல்வி வகுப்பில் பந்தைக் கொடுத்து உடனே ஆட்டத்தைத் தொடங்கினால், திறமை மிக்க சிலரே பந்தைத் தொடுவர். மற்றவர்கள் பார்வையாளர்களாகி விடுவர். பந்தைப் பிடித்து நிறுத்த விதி இடமளிக்காததால், முதல் தொடுகை பிழைத்தால் புள்ளி பறிபோகும்.

எனவே, முன்கைகளால் பந்தை ஏற்கும் 'பாஸ்' முதலில் கற்பிக்கப்பட வேண்டும். முழங்கால்களை மடக்கி, முன்கைகளை இணைத்து, கைகளை வீசாமல் கால்களின் விசையால் பந்தை உயர்த்துவதே முறை. அடுத்து, விரல்களால் நெற்றிக்கு மேலே பந்தை அனுப்பும் 'செட்'. பின்னர் கீழ்க்கை சர்வீஸ்; இதை வலைக்கு அருகில் தொடங்கிப் படிப்படியாகப் பின்னகர்த்தலாம். ஸ்மாஷும் பிளாக்கும் இறுதியில் வரும்.

பெரியவர்களுக்கான வலை உயரம் ஆடவருக்கு 2.43 மீட்டர், மகளிருக்கு 2.24 மீட்டர். சிறுவர்களுக்கு அதைத் தாழ்த்திக் கட்டி, அணிக்கு மூவராகச் சிறிய களத்தில் ஆடச் செய்தால் அனைவருக்கும் பந்து கிடைக்கும்.

1895-இல் அமெரிக்காவில் வில்லியம் மார்கன் இவ்விளையாட்டை வகுத்தது, கூடைப்பந்தின் கடுமையைத் தாங்க இயலாதவர்களும் பங்கேற்பதற்காகவே. வகுப்பின் கடைசி மாணவரும் பந்தைத் தொடும்போதுதான் அந்நோக்கம் நிறைவேறும்.