நீலமாகும் பப்பாளி விதை

பப்பாளியை அறுத்ததும் கறுப்பு விதைகளை வழித்துக் குப்பையில் போட்டுவிடுவோம். ஹவாயில் சில விவசாயிகள் அவற்றைப் பத்திரப்படுத்துகிறார்கள். விதைக்குள் இருக்கும் வெள்ளைக் கருவைப் பிதுக்கி எடுத்து, ஒரு ரசாயனக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். நீலமாக மாறினால் அது மரபணு மாற்றப்பட்ட விதை.

இந்த நீலம் எங்கிருந்து வந்தது? 1992-இல் ஹவாயின் பூனா வட்டாரத்தில் வளையப்புள்ளி வைரஸ் புகுந்தது. அந்த மாநிலத்துப் பப்பாளியில் பெரும்பகுதி விளைந்த இடம் அது. ஹவாயில் பிறந்த விஞ்ஞானி டென்னிஸ் கோன்சால்வஸின் குழு, வைரஸின் மேலுறைக்கான மரபணுவையே பப்பாளிக்குள் செலுத்தி அதற்கு எதிர்ப்புச் சக்தி தந்தது. 1998-இல் 'ரெயின்போ' பப்பாளி விதை விவசாயிகளுக்குக் கிடைத்தது.

செலுத்தியது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அது அவ்வளவு சுலபமில்லை. நுண்ணிய உலோகத் துகள்களில் மரபணுவைப் பூசி, பப்பாளித் திசுவின் மேல் சுடுவார்கள். மிகச் சில செல்களே அதை ஏற்கும். எவை என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் கானாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணு ஒன்றையும் கூடவே அனுப்புவார்கள். பிறகு திசு வளரும் தட்டில் கானாமைசினைக் கலந்தால், ஏற்காதவை வாடும், ஏற்றவை துளிர்க்கும். நீலம் காட்டும் 'கஸ்' மரபணுவும் அப்படிச் சேர்ந்து வந்ததுதான். இரண்டுமே பாக்டீரியாவிலிருந்து எடுத்தவை.

தோட்டத்தில் இவற்றுக்கு வேலையே இல்லை. வீடு கட்டி முடிந்தும் பிரிக்காத சாரம் போல, பழத்திலும் தங்கிவிடுகின்றன. அந்த ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு நம் குடல் பாக்டீரியாவுக்குத் தாவிவிடாதா? 1994-இல் அமெரிக்காவில் 'ஃபிளேவர் சேவர்' தக்காளி விற்பனைக்கு வருமுன் அதிகாரிகள் இதைத் தனியாக ஆராய்ந்து அனுமதி தந்தார்கள். செடியிலிருந்து பாக்டீரியாவுக்கு மரபணு தாவுவது மிக மிக அரிது. அந்த எதிர்ப்பு மரபணு இயற்கையிலேயே பல பாக்டீரியாக்களில் உண்டு. எனக்கு இந்த விளக்கம் போதும். ஆனாலும் வேலை முடிந்ததை அகற்றலாமே என்று கேட்பவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், பிரிக்காத அந்தச் சாரம்தான் பக்கத்துத் தோட்டக்காரருக்கு உதவுகிறது. 2011 வரை ஜப்பான் ரெயின்போவை அனுமதிக்கவில்லை. அங்கே சாதாரணப் பப்பாளி அனுப்பியவர்கள் தங்கள் மரங்களை இந்த நீலச் சோதனையால்தான் நிரூபித்தார்கள். இயற்கை விவசாயிக்கோ கவலை வேறு. ரெயின்போ மரத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தால் அவர் பழத்தின் சதை மாறாது, விதைதான் மாறும். அடுத்த நடவுக்கு எடுத்துவைத்த விதையில் சிலவற்றை ஊறவைத்துவிட்டு, மறுநாள் காலை நிறம் பார்க்கிறார்.